நாலு மூலையில் ஏழு பேர்

என் மகனின் முதல் பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் அக்கா கூடத்துத் தரையில் உட்கார்ந்து செய்தித்தாளை வெட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர்கள் வைத்திருக்கும் அளவு நாடாவால் பக்கத்துக்குப் பத்து இஞ்ச் அளந்து முதலில் ஒரு சதுரம் வெட்டினார். பிறகு அதன்மேல் சோற்றுத் தட்டைக் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அந்த வட்டத்தை வெட்டி எடுத்தார். மிஞ்சியவை நாலு மூலைத் துண்டுகள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் தரையில் அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “கண்ணு, இங்க வந்து பாரு. நேத்து கேக்கு கெடைக்காத ஏழு பேரும் இந்த நாலு மூலைலதான் இருக்கறாங்க.”

அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. முறைக்கு ஓரகத்தி. ஏற்காடு கடைவீதியில் எங்கள் மாமனார் வைத்த மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் இருந்தோம். நான் சேலத்தில் பிறந்து வளர்ந்து பி.காம் படித்துவிட்டு, கல்யாணமாகி மலைக்கு வந்து ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், லைன் வீட்டில் பிறந்தவர். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஓரறை வீடுகளை எங்கள் மலையில் லைன் என்பார்கள். எட்டாவது வரைதான் படிப்பு. அதற்குப் பிறகு அம்மாவோடு பழம் பறிக்கப் போய்விட்டார். எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் “எஸ்டேட் பொண்ணு” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வது என் காதில் விழும். அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லப்போனால் எனக்குள்ளும் அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தது. அதை இப்போது எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

அந்தப் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கியது நான்தான். சேலத்துப் பேக்கரியில் பத்து இஞ்ச் வட்டக் கேக்கும் பத்து இஞ்ச் சதுரக் கேக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் பத்து இஞ்ச்தானே, வட்டம்தான் பார்க்க அழகு என்று அதையே எடுத்தேன். மடியில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவும் அலுங்காமல் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தேன். வந்திருந்தவர்கள் முப்பத்து நாலு பேர். என் பிறந்த வீட்டுக்காரர்களுக்கு முதலில் என்று ஆரம்பித்து, முக்கோணம் முக்கோணமாக வெட்டி நானே பரிமாறினேன். இருபத்தேழாவது தட்டோடு கேக் தீர்ந்தது. இன்னும் ஏழு பேர் வெறும் மிக்சர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் அக்காவின் பிள்ளைகள். கடைசியில் அவர்களை உட்கார வைத்தவள் நான்தான். பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்கா என்ன நினைத்திருப்பாரோ என்ற பயத்தைவிட, வேண்டுமென்றே செய்தேனோ என்று என்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் அதிகம் உறுத்தியது.

மறுநாள் செய்தித்தாளைப் பார்த்தபோது குத்திக் காட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமே இல்லை. புதிர் ஒன்றை அவிழ்த்துவிட்ட பிள்ளையின் சந்தோஷம்தான் இருந்தது. ரெண்டு இஞ்ச் நீளம், ஒன்றரை இஞ்ச் அகலத்துக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டால், அந்த மூலைகளைச் சேர்த்து வைத்த இடத்தில் சரியாக ஏழு துண்டு வரும். கோடு கிழித்தே காட்டினார். “வட்டமா வெட்டுனா சதுரத்துல அஞ்சுல ஒரு பங்கு போயிருது கண்ணு. உன்ற மேல தப்பில்லை. வட்டம் பாக்கறதுக்குப் பெருசாத் தெரியும். ஏமாத்திப்போடும்.” பி.காம் படித்த நான் வட்டத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம் எழுதிப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவள். அந்தச் சூத்திரத்துக்கும் என் வீட்டில் கேக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக அக்காவோடு மனம்விட்டுச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கேக் மேல் ஒரு பித்துப் பிடித்தது. சேலத்தில் ஓர் அம்மாள் வீட்டில் பத்து நாள் வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, தினமும் காலை பஸ்ஸில் இறங்கிச் சாயங்கால பஸ்ஸில் ஏறி வந்தார். அங்கே பொங்கிப் பூரித்து வந்த கேக் இங்கே எங்கள் வீட்டு அடுப்பில் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து என்று குழி விழுந்த கேக்குகளை நாங்கள் எல்லோரும் ஒரு மாதம் தின்று தீர்த்தோம். வகுப்பு அம்மாளுக்குப் போன் செய்தால், அளவை மாற்றாதே என்றார். அக்கா மாற்றினார். மலைமேல் மாவு சீக்கிரம் பொங்கிவிடுகிறது, வெந்து இறுகுவதற்குள் விழுந்துவிடுகிறது என்று தானே கண்டுபிடித்துப் பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஏழாவது கேக் மேசைபோல் நேராக நின்றது. “கீழ இருக்கறவங்களுக்குக் கீழ உள்ள அளவு. நம்முளுக்கு நம்மு அளவு” என்றார்.

பிறகு ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. எல்லோரும் ஒரு கிலோ வேண்டும், ரெண்டு கிலோ வேண்டும் என்றுதான் வருவார்கள். அக்கா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார். “ஏனுங்க, எத்தனை பேருங்க?” என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பிறகு வரிசையாக வரும்: குழந்தைகள் எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, பாயசம் உண்டா, நின்றுகொண்டு சாப்பிடுவார்களா உட்கார்ந்தா. ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தை மேலே இருக்கும் கிரீமை நக்கிவிட்டு மீதியை அம்மா கையில் கொடுத்துவிடும், அதற்கு அரைத் துண்டு போதும். டீ வேளைக்கு வருகிறவர்கள் பசியோடு வருவார்கள், அவர்களுக்கு ஒன்றரை. விருந்து சாப்பிட்டு எழுந்தவர்கள் ஒரு வாய்க்கு மேல் தொடமாட்டார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும் விழாவுக்கு ஐந்து கிலோ கேட்டு வந்தபோது, மூன்று கிலோ போதும் என்று சொல்லி அனுப்பினார். “மிச்சமாவறதும் தப்புக் கணக்குதானுங்க” என்று அவரிடம் சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டேன்.

நானும் இதில் மெல்ல மெல்ல உள்ளே இழுக்கப்பட்டேன். எங்கள் லாட்ஜில் கல்யாண வரவேற்பு, பிறந்தநாள் என்று ஏதாவது நடந்தபடியே இருக்கும். திரும்பி வரும் தட்டுகளைப் பார்த்துச் சொல்லும்படி அக்கா கேட்டார். ரிசப்ஷன்காரி சமையலறைக் கழுவுமிடத்தில் போய் நிற்பதைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். இரண்டு மாதம் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்கு வெட்டிக் கொடுத்த துண்டுகளில் பாதிக்கு மேல், பாதி தின்றும் தின்னாமலும் குப்பைக்குப் போயின. சின்னதாக வெட்டிய விருந்துகளில் தட்டுகள் துடைத்தாற்போல் வந்தன. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அக்கா தன் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தார். “அப்ப, கேக்கு பத்தாமப் போறதில்லை. வெட்டறதுலதான் போவுது” என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. அக்கா பிறந்த அதே எஸ்டேட். முதலாளிக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்களா புல்வெளியில் மதிய விருந்து. அக்கா அங்கே பிறந்தவர் என்பது வந்திருந்த மேனேஜருக்குத் தெரியாது. அவர் ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர், நல்ல மனிதர்தான், அவசரக்காரர். பதினைந்து கிலோவில் ஐந்து அடுக்குக் கேக் வேண்டும் என்றார்.

“எத்தனை பேருங்க?”

“நூத்தி நாப்பது பேருங்க. சேலம், பெங்களூர், கோயமுத்தூர்ல இருந்து வர்றாங்க.”

“லைன் ஆளுங்க வருவாங்களா?”

“அவங்க நாலு மணிக்கு மேல வருவாங்க. வழக்கமா அன்னிக்குக் கேக் குடுக்கறதுதான். மிச்சம் இருக்கறத அவங்களுக்குக் குடுத்துக்கலாம்.”

அக்கா கையில் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். பிறகு அமைதியாக, நாகலூர் ரோட்டில் ஐந்து அடுக்கு நிற்காது, ஜீப்பில் சரிந்துவிடும், படம் எடுக்க முன்னால் மூன்று கிலோவில் மூன்று அடுக்கு வைக்கிறேன், மீதிப் பன்னிரண்டு கிலோவை ஆறு தட்டுக் கேக்காகச் செய்து உள்ளேயே வெட்டிப் பரிமாறிக்கொள்ளலாம் என்றார். எடை பதினைந்து கிலோதான். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு நாகலூர் பஸ் ஏறினார். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் லைனில் எத்தனை பேர் என்று கேட்டோம். அவர் பதிவேட்டைப் பார்த்துத் தொண்ணூற்றாறு பேர் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, நேராக லைனுக்கு நடந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, நலம் விசாரித்து, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டுக் கையிலிருந்த தாளில் கோடு போட்டார். தொட்டில் குழந்தை, படுத்திருக்கும் தாத்தா, வடக்கேயிருந்து வேலைக்கு வந்து ஓரமாகத் தங்கியிருந்தவர்கள், ஒருவரையும் விடவில்லை. கடைசி வீட்டில் கூட்டிப் பார்த்தால் இருநூற்று முப்பத்திரண்டு. “பேரு வேற, வாயி வேற கண்ணு” என்றார்.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தக் கதையைச் சொன்னார். அவருக்கு ஒன்பது வயது. இதே முதலாளியின் ஏதோ ஒரு விசேஷம். லைன் பிள்ளைகள் எல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்து, இருக்கிறதில் நல்ல துணியாக உடுத்தி, பங்களா வாசலில் வரிசையில் நின்றார்கள். தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் நின்றார். முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தபோது கேக் தீர்ந்துவிட்டது என்றார்கள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். தம்பி வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தான். “எனக்கு அழுவாச்சி வல்ல கண்ணு” என்றார் அக்கா, ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகளைப் பார்த்தபடி. “எங்களை ஒருக்கா எண்ணிப் பாத்திருக்கலாமேன்னுதான் நெனச்சேன். எண்ணறது அவ்வளவு செரமமா என்ன?” நான் என் மகனின் பிறந்தநாளில் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்த அவருடைய இரண்டு பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். “அக்கா, அன்னிக்கு நான்…” என்று ஆரம்பித்தேன். “அது போச்சு வுடு” என்று என் முழங்காலில் தட்டினார். “இப்பக் கணக்கைப் பாரு.”

கணக்கு இதுதான். விருந்தாளிகள் நூற்று நாற்பது, லைன் ஆட்கள் இருநூற்று முப்பத்திரண்டு, ஆக முந்நூற்று எழுபத்திரண்டு பேர். தட்டு ஒவ்வொன்றும் பன்னிரண்டு இஞ்ச் அகலம், பதினாறு இஞ்ச் நீளம். அகலத்தில் எட்டு, நீளத்தில் எட்டு என்று வெட்டினால் ஒரு தட்டுக்கு அறுபத்து நாலு துண்டு. ஆறு தட்டுக்கு முந்நூற்று எண்பத்து நாலு. பன்னிரண்டு துண்டு கூடவே இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவு. பங்களா மேசைக்கு ஒரு துண்டு, லைனுக்கு வேறு ஒரு துண்டு என்ற பேச்சே கிடையாது. விருந்தாளிகளில் சிலர் வேண்டாம் என்பார்கள், அதனால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும் என்று நான் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “வேண்டாம்பாங்கன்னு நம்பிக் கணக்குப் போட்டா, அது கணக்கு இல்லை கண்ணு. ஆசை.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை முழுக்கப் பனிமூட்டம். வெட்டி எடுத்துப்போனால் காய்ந்துவிடும் என்று தட்டுகளை முழுசாகவே கொண்டுபோனோம். ஜீப்பில் அடித்து வைத்திருந்த மரத் தாங்கியில் ஐந்து தட்டுகள்தான் அடங்கின. ஆறாவதை நான் மடியில் வைத்துக்கொண்டேன். சேலத்திலிருந்து அந்த வட்டக் கேக்கைக் கொண்டுவந்தவள்தானே என்ற தைரியம். நாகலூருக்கு முன்னால் ஒரு வளைவில் பனிக்குள்ளிருந்து பஸ் ஒன்று திடீரென்று முளைத்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்தேன். தட்டு என் மடியிலிருந்து வழுக்கிக் குப்புற விழுந்தது.

ஜீப் நின்றது. தரையில் கிரீமும் கேக்கும் என் செருப்புத் தடமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அறுபத்து நாலு பேர் என் காலடியில் கிடப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. அக்கா என்னைத் தோளில் தொட்டு, அடி ஏதும் பட்டதா என்று பார்த்தார். டிரைவரையும் பார்த்தார். பிறகு சொன்னார்: “தட்டுத்தான் போச்சு. ஆளு அத்தனை பேரும் அங்கதான் இருக்கறாங்க. பேனாவ எடு கண்ணு.”

ஜீப் மறுபடி நகர்ந்தபோது நான் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து தட்டு, முந்நூற்று எழுபத்திரண்டு பேர். எட்டுக்கு எட்டு என்றால் முந்நூற்று இருபதுதான் வரும். ஒன்பதுக்கு ஒன்பது என்றால் நானூற்று ஐந்து வரும், ஆனால் துண்டு மிகச் சிறியதாகிவிடும், வாங்குகிறவர் முகம் வாடும் என்றார் அக்கா. அகலத்தில் எட்டை அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தில் மட்டும் ஒன்பது. தட்டுக்கு எழுபத்திரண்டு, ஐந்து தட்டுக்கு முந்நூற்று அறுபது. நீளத்தில் கால் இஞ்ச்கூடக் குறையாது, கண்ணுக்குத் தெரியாது. இன்னும் பன்னிரண்டு குறைகிறதே என்றேன். “முன்னால வெக்கற மூணடுக்குல அடி அடுக்கு இருக்குதல்ல? படம் எடுத்து முடிஞ்சதும் உள்ள கொண்டாந்துருவோம். அதுல முப்பது துண்டு கெடைக்கும்.” முந்நூற்றுத் தொண்ணூறு. நான் எழுதிய எண்ணின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

பங்களாச் சமையலறையில் அக்கா ஒரு தட்டின் ஓரத்தில் அளவு நாடாவை ஒட்டிவைத்து, சுடுதண்ணீரில் கத்தியை முக்கித் துடைத்து முக்கித் துடைத்து வெட்டினார். ஒவ்வொரு கோடும் நூல் பிடித்தாற்போல் விழுந்தது. வெளியே கைதட்டும் சத்தம், படம் எடுக்கும் சத்தம் எல்லாம் கேட்டன. மூன்றடுக்கின் அடி அடுக்கு உள்ளே வந்தது. அதை அக்கா முக்கோணமாக வெட்டாமல், நடுவில் ஒரு சின்ன வட்டம் போட்டு, சுற்றிவர ஓரத்தை முதலில் துண்டு போட்டு, பிறகு உள் வட்டத்தைப் பிரித்தார். முப்பது துண்டும் தட்டுக் கேக்கின் அளவிலேயே வந்தன.

அப்போதுதான் மேனேஜர் உள்ளே வந்தார்.

“என்னங்கம்மா இது, தீப்பெட்டி மாதிரி வெட்டி வெச்சிருக்கறீங்க? வந்திருக்கறவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. தட்டு நெறையக் குடுக்க வேண்டாமா?”

“வேணும்ங்கறவங்களுக்கு ரெண்டாவது துண்டு உண்டுங்க. கேட்டுக் குடுக்கச் சொல்லியிருக்கறேனுங்க.”

“துண்டே பெருசா இருக்கணும்ங்கறேன்.”

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். “பெருசா வெட்டுனா லைன் ஆளுங்கள்ல பாதிப் பேருக்குப் பத்தாதுங்க.”

“அதுக்குத்தான் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வெச்சிருக்கோம். எப்பவும் அப்படித்தான்.”

“தெரியுமுங்க. அந்த பிஸ்கட்ட நான் வாங்கியிருக்கறேனுங்க. இந்த வாசல்லதான்.”

மேனேஜர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை. “வழில ஒரு தட்டு விழுந்துபோச்சுங்க. அது எங்க தப்பு, நாளைக்கே செஞ்சு அனுப்பிடறேனுங்க. ஆனா லைன் ஆளுங்க வருவாங்கன்னு சொன்னது நீங்கதானுங்க. வரச் சொல்லிட்டா அவங்களும் விருந்தாளிங்கதானுங்களே. நான் அல்லாத்தையும் எண்ணித்தான் வெட்டியிருக்கேனுங்க.”

அந்த நேரம் பரிமாறப் போயிருந்தவர்கள் திரும்பினார்கள். நான் தட்டைப் பார்த்தேன். சர்க்கரை வியாதி, வயிறு நிறைந்துவிட்டது என்று இருபது பேர் வாங்கவே இல்லை என்றார்கள். இரண்டாவது துண்டு கேட்டவர்கள் ஒன்பது பேர். தட்டை அப்படியே மேனேஜருக்கு முன்னால் நீட்டினேன். “ஒருத்தர்கூடச் சின்னதுன்னு சொல்லலீங்க” என்றேன். லாட்ஜில் கோபக்கார விருந்தாளிகளிடம் பேசும் அதே குரலில்தான் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தார், வெட்டி அடுக்கியிருந்த வரிசைகளைப் பார்த்தார். பிறகு வெளியே போனார்.

நாலு மணிக்கு லைன் ஆட்கள் வந்தார்கள். பழம் பறிக்கும் பருவம், ஞாயிறு என்று பார்க்காமல் காலையில் இருந்து காப்பிக் காட்டில் நின்றுவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். வரிசை என்று பெயர்தான். பிள்ளைகளை முன்னால் தள்ளுவதும், இடுக்கில் நுழைவதும், ஒருவர் தோளை ஒருவர் பிடிப்பதுமாக முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். பின்னால் நின்றால் கிடைக்காது என்பது அந்த வாசலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அக்கா மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து படியில் நின்றார்.

“அல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. யாரும் முண்ட வேண்டாமுங்க. அல்லாத்துக்கும் இருக்குது. அன்னிக்கு வந்து எண்ணிட்டுப் போனனல்ல, அந்த எண்ணிக்கைக்குத்தான் கொண்டாந்திருக்கேன்.”

நடுவில் நின்ற வயதான அம்மாள் ஒருவர் கேட்டார், “ஏஞ்சாமி, நெசமாலுமே இருக்குதா?”

“இருக்குதுங்காத்தா. நெதானமா வாங்க.”

அந்த அம்மாள் வரிசையைவிட்டு விலகிப் போய்ச் செடித் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். “அப்ப நான் கடைசியா வாரேன். காலு நோவுது” என்றார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போய் உட்கார்ந்தார்கள். தள்ளுமுள்ளு மெல்ல அடங்கியது. முன்னால் இருந்த ஒரு பெண் தன் பிள்ளையைப் பின்னுக்கு இழுத்து, கைக்குழந்தையோடு நின்றவளை முன்னால் போகச் சொன்னாள். எத்தனையோ விருந்துகளை லாட்ஜில் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டம் அப்படித் தோள்களைத் தளர்த்தி நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கேக் இன்னும் ஒருவர் கைக்கும் போகவில்லை. அதற்குள்ளேயே அக்கா ஜெயித்துவிட்டார்.

நான் எண்ணிக்கொண்டே கொடுத்தேன். இருநூற்று முப்பத்திரண்டையும் தாண்டியது. முந்தின வாரம் புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒன்பது பேர், தங்களுக்கும் உண்டா என்று தெரியாமல் கேட் பக்கமே நின்றிருந்தார்கள். அக்கா கையை ஆட்டி அவர்களையும் கூப்பிட்டார். கடைசியாக அந்த வயதான அம்மாள் செடித் தொட்டியிலிருந்து எழுந்து வந்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டார். இருநூற்று நாற்பத்தொன்று. தட்டில் பார்த்தேன், இன்னும் இருபது துண்டு இருந்தது.

அக்கா மறுபடியும் படியில் ஏறினார். “ரெண்டாவது வேணும்ங்கறவங்க வாங்க” என்றார். ஒரே சத்தம், ஒரே சிரிப்பு. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். புல்வெளியில் மிச்சமிருந்த விருந்தாளிகள் சிலர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்த்தார்கள். பிஸ்கட் பெட்டி உடைக்காமலேயே சமையலறை மூலையில் கிடந்தது.

கடைசித் துண்டை மட்டும் நான் எடுத்து வைத்து அக்காவிடம் கொடுத்தேன். கத்தியைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிவிட்டுத்தான் வாங்கினார். சமையலறைப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் காத்திருந்தேன். “சீனி ஒரு கரண்டி தூக்கலாப் போச்சு கண்ணு” என்றார். கண் மட்டும் பளபளவென்று இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வரும் ஜீப்பில் என் செருப்பில் காய்ந்திருந்த கிரீமைப் பார்த்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாளே ஆறாவது தட்டைச் செய்து எஸ்டேட்டுக்கு அனுப்பினார். அந்தத் தட்டை ரைட்டர் லைனுக்கே அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அடுத்த வருடம் நான் லாட்ஜ் வேலையை விட்டேன். எங்கள் மளிகைக் கடைக்குப் பக்கத்து அறையில் அக்காவும் நானும் சேர்ந்து பேக்கரி வைத்தோம். இப்போது கடையில் எங்களோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள், அதில் இரண்டு பேர் அதே லைனில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கிலோ சொல்வதில்லை. மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் வரும் ஆட்கள்கூட உள்ளே நுழையும்போதே விரல் விட்டு எண்ணிக்கொண்டு வருகிறார்கள். “எஸ்டேட் பொண்ணு” என்று சொன்ன சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டு விசேஷங்களுக்குத் தேதி கேட்டு அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்கிறார்கள். நான் அதை அவரிடம் சொல்லிச் சிரித்தால், “பேசாம வேலையப் பாரு” என்பார்.

கடை திறந்த முதல் டிசம்பரில், ஒரு மத்தியானம், எஸ்டேட் மேனேஜர் போன் செய்தார். முதலாளியின் பிறந்தநாள் மறுபடியும் வருகிறது. நான்தான் எடுத்தேன். எத்தனை கிலோ என்று அவர் ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்துப் பேனாவை எடுத்தேன். “முந்நூத்தி எண்பத்தி ஆறு பேருங்க” என்றார். ஒருமுறை இருமிவிட்டு, “நானே லைனுக்குப் போயி எண்ணிட்டு வந்தேன். கைக்கொழந்தைங்களையும் சேத்துத்தான் சொல்றேன்னு அக்காகிட்டச் சொல்லிடுங்க” என்றார்.

அக்கா மாவு பிசைந்த கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் எண்ணைத் திருப்பிச் சொன்னேன். அவர் சுவரில் தொங்கிய சிலேட்டில் அதை எழுதச் சொன்னார், நான் பெரிதாக எழுதினேன்.